யாழ்ப்பாணத்து வானில் விண்வெளி நிலையம்: எப்போது, எந்தப் பக்கம், எதைக் கொண்டு

சர்வதேச விண்வெளி நிலையத்தை (ஐஎஸ்எஸ்) பார்ப்பது எப்படி என்று இணையத்தில் கிடக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை 45, 50 பாகை அகலாங்கில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. லண்டனில் இருக்கிற மச்சான் "ஒரே இரவில் ஐந்து தரம் கண்டேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால் அது புளுகு இல்லை. அங்கே ஜூன், ஜூலையில் சூரியன் இரவு முழுக்க அடிவானத்துக்குக் கீழே ஆழமாக இறங்குவதில்லை. அதனால் 400 சொச்சம் கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற நிலையத்தில் விடிய விடிய வெயில் படும். யாழ்ப்பாணம் இருப்பது 9.7 பாகை வடக்கில். இங்கே சூரியன் கிணற்றுக்குள் விட்ட வாளி மாதிரி நேரே இறங்கிவிடும். ஒரு பின்னேரத்துக்கு ஒரு நல்ல கடப்பு (நிலையம் எங்கள் வானத்தைக் கடந்து போவது) கிடைத்தால் அதுவே பெரிய காரியம். எனவே அவர்களுடைய கணக்கை வைத்துக்கொண்டு இங்கே மேல்மாடியில் நின்றால் கழுத்துத்தான் நோகும். எங்களுடைய கணக்கு வேறு.

முதலில் நேரம். நிலையத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, சூரிய ஒளியைத் தெறித்துக் காட்டுகிறது. பார்க்கிறவர் இருட்டில் நிற்கவேண்டும், அது வெயிலில் போகவேண்டும். தலைக்கு நேர்மேலே 420 கிலோமீற்றரில் இருக்கும் பொருளின் மேல் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகை இறங்கும் வரை வெயில் படும். சூரியன் இந்த அகலாங்கில் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் இறங்குவதால், மறைந்து 80 நிமிடத்தில் அந்தக் கதை முடிந்துவிடும். அதில் முதல் 25 நிமிடம் வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும். மிச்சமிருப்பது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. கார்த்திகை மாதத்தில் அது மாலை 6.15 இலிருந்து 7.10 வரை, ஆடியில் 7.00 இலிருந்து 7.55 வரை. விடியற்புறத்தில் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: சூரிய உதயத்துக்கு 80 நிமிடம் முந்தித் தொடங்கி 25 நிமிடம் முந்தி முடியும். இரவு 10 மணிக்கு "அந்தா போகுது" என்று யாராவது காட்டினால் அது விமானம். சென்னைப் பக்கமோ கொழும்புப் பக்கமோ போகிற விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்குகள் இருக்கும், மின்னி மின்னிப் போகும். நிலையம் மின்னாது.

இனி மாதக் கணக்கு. சுற்றுப்பாதைத் தளம் சூரியனோடு ஒப்பிடும்போது நாளுக்கு 6 பாகை வீதம் மேற்கே திரும்புகிறது. அதனால் கடக்கும் நேரம் சராசரியாக நாளுக்கு 24 நிமிடம் முந்தும். முழுச் சுற்று முடிய 60 நாள். நிலையம் ஒருமுறை தெற்கிலிருந்து வடக்கே ஏறும்போது எங்களைக் கடக்கும், பிறகு வடக்கிலிருந்து தெற்கே இறங்கும்போது கடக்கும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் இந்த இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ அரை நாள் இடைவெளி. ஆகவே ஏறும் கடப்பு மாலை நேரத்தில் விழுகிற அதே நாட்களை ஒட்டியே இறங்கும் கடப்பு விடியற்காலையில் விழும். ஒரு கிழமைக்குள் இந்தத் தொடர் முடிந்துவிடும். ஏறத்தாழ 30 நாள் கழித்து அடுத்த தொடர் வரும்போது திசை மாறியிருக்கும்: மாலையில் இறங்கும், காலையில் ஏறும். போன மாதம் தெற்குப் பக்கமிருந்து வந்ததே என்று இந்த மாதமும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றால் அது முதுகுக்குப் பின்னால் வந்து போய்விடும்.

தொடருக்குள்ளும் ஒழுங்கு கிடையாது. ஒருமுறை பூமியைச் சுற்ற 93 நிமிடம் பிடிக்கிறது, நாளுக்கு 15 அரைச் சுற்று. அந்த அரைதான் வில்லங்கம். 15 சுற்று முடிந்து திரும்பி வந்தால் முக்கால் மணித்தியாலம் முந்தி வரும், 16 சுற்று முடிந்து வந்தால் முக்கால் மணித்தியாலம் பிந்தி வரும். இரண்டிலும் பாதை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் விலகிப் போயிருக்கும். இன்றைக்கு உச்சந்தலைக்கு மேலால் போனால் நாளைக்கு 15 பாகை உயரத்தில், பனைமரங்களுக்குப் பின்னால் போகும். சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். முதல் நாள் தனியாகப் பார்த்துப் பரவசப்பட்டு, மறுநாள் ஊரையே கூட்டி வைத்து ஒன்றும் காட்டமுடியாமல் நிற்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பொதுவான அவமானம்.

கணிப்பை எடுக்க ஹெவன்ஸ் அபவ் இணையத்தளம், ஐஎஸ்எஸ் டிடெக்டர் அப், நாசாவின் ஸ்பொட் த ஸ்டேஷன் மூன்றும் நல்லவை. செயற்கைக்கோள் பட்டியலில் நிலையத்தின் இலக்கம் 25544. முதல் வேலையாக இடத்தை 9.67 வடக்கு, 80.02 கிழக்கு என்று கைப்பட இடுங்கள். இலங்கை என்றதும் கொழும்பைப் போட்டுவிட்டால் கணக்குப் பிசகும். கொழும்பு இங்கிருந்து நேர்கோட்டில் 300 கிலோமீற்றர். அங்கே தலைக்கு நேர்மேலே போவது இங்கே 67 பாகை உயரத்தில், ஏறும் கடப்பானால் அரை நிமிடம் பிந்திப் போகும். சும்மா பார்க்க இது பரவாயில்லை. படம் எடுக்க, அதுவும் கோபுரத்துக்கோ மரத்துக்கோ மேலே கோட்டை விழுத்தி எடுக்க, இது உதவாது. நேரவலயத்தையும் பாருங்கள். சில பக்கங்கள் உலகப் பொது நேரத்தில்தான் காட்டும். அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேண்டும். நிலையத்தை அவ்வப்போது இயந்திரம் இயக்கி மேலே தூக்குவார்கள், சில வேளை குப்பைகளிலிருந்து விலத்தவும் நகர்த்துவார்கள். அதனால் பத்து நாளுக்கு முந்திய கணிப்பு ஒரு நிமிடமும் அதற்கு மேலும் பிழைக்கலாம். அன்று மத்தியானம் ஒருமுறை புதுப்பித்துவிட்டால் போதும்.

கணிப்பு அட்டவணையில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, அதிகூடிய உயரம்: 40 பாகைக்குக் கீழே என்றால் புதியவர்களைக் கூப்பிடவேண்டாம். இரண்டு, ஒளித்தரம்: எண் எவ்வளவு கழித்தலில் இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம். கழித்தல் 3.5 என்றால் வெள்ளியோடு போட்டிபோடும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: முடியும் இடம். "வடகிழக்கு, 38 பாகை" என்று முடிந்தால் அது அடிவானத்துக்குப் போகவில்லை, பாதி வானத்தில் பூமியின் நிழலுக்குள் நுழைகிறது. மாலையில் நிழல் கிழக்கிலிருந்து எழும்பி வரும். இரண்டு வகைக் கடப்பும் கிழக்கு நோக்கித்தான் போகும், ஆகவே மாலைக் கடப்புகள் அநேகமாக இப்படித்தான் முடியும். நுழையும் அந்தச் சில செக்கன்களில் நிறம் வெள்ளையிலிருந்து செம்மஞ்சளாகிப் பிறகு அணைந்துபோகும், ஏனென்றால் அங்கே அந்தக் கணத்தில் சூரியன் மறைகிறது. நாளுக்கு 15, 16 தடவை நடக்கிற மறைவு. விடியற்காலையில் எதிர்மாறு: வெறும் வானத்தில் நடுவிலிருந்து திடீரென்று பற்றிக்கொண்டு வந்து கிழக்கு அடிவானம் வரை போகும். பார்க்க இதுதான் அழகு. ஆனால் நாலரை மணிக்கு எழும்ப வேண்டும்.

திசையைச் சற்றுத் துல்லியமாகச் சொன்னால், நேர்மேலே போகிற ஏறும் கடப்பு தென்மேற்கிலிருந்து வருவதில்லை, அதற்கும் தெற்கே தள்ளி, தெற்கிலிருந்து 36 பாகை மேற்காக உதிக்கும். வடக்கிலிருந்து 36 பாகை கிழக்காக மறையும். இறங்கும் கடப்பு இதன் கண்ணாடிப் பிம்பம். கையை முழுதாக நீட்டிப் பொத்திய முட்டி 10 பாகை, விரித்த சாண் 20 பாகை. இந்த இரண்டு அளவையும் வைத்தே வானம் முழுக்க அளந்துவிடலாம்.

எங்கே நிற்பது என்பதும் இதிலிருந்து வந்துவிடும். மாலையில் மேற்குப் பாதி வானம்தான் காசு. ஏறும் கடப்புக்குப் பண்ணைப் பாலம் நல்லது, தெற்கும் மேற்கும் கடல்நீரேரிக்கு மேலே திறந்து கிடக்கும். இறங்கும் கடப்புக்குக் காரைநகர்க் கசூரினா கடற்கரை. காலையில் கிழக்குப் பாதி வேண்டும்: பருத்தித்துறை, மணற்காடு. உள்ளூரில் பனைகளுக்கு நடுவே மேல்மாடி ஒன்று இருந்தாலே 40 பாகைக்கு மேற்பட்ட கடப்பைப் பார்த்துவிடலாம். கடற்கரைக்கு ஓடத் தேவையில்லை. பருவத்தைச் சொன்னால், தை தொடக்கம் சித்திரை வரை வானம் தெளிவு. சோளகம் வீசும் மாதங்களில் வானம் இருக்கும், ஆனால் முக்காலி நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள், அதற்குக் கீழே வருகிறேன்.

லண்டன் மச்சானைப் பற்றிச் சொன்னதில் ஒரு மிச்சம் இருக்கிறது. நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்வு, லண்டன் 51.5 பாகை அகலாங்கு. அதாவது லண்டன்தான் கிட்டத்தட்ட அதன் வடக்கு எல்லை. அங்கே உச்சியில் கடந்த நிலையம் பிறகு காக்கசஸ் மலைகளுக்கு மேலால் இறங்கி, கராச்சிப் பக்கம், கோவாக் கரை, கேரளம் என்று வரும். 20 நிமிடத்தில் யாழ்ப்பாணத்து மேற்கு வானத்தில் 55, 60 பாகை உயரத்தில் நிற்கும். பெரும்பாலான நாட்களில் அங்கே தெரியும்போது இங்கே நடுச்சாமம் அல்லது பகல். ஜூன் மாதத்தில் மட்டும் ஒரு இடுக்கு உண்டு. லண்டனில் நள்ளிரவு தாண்டி 12.25 அளவில் உச்சிக்கு மேலால் போனால், இங்கே 5.15 அளவில் விடியற்காலைக் கடப்பு. அவர் பார்த்து முடித்து ஒரு செய்தி அனுப்ப, நீங்கள் தேத்தண்ணியோடு மாடிக்கு ஏற நேரம் சரியாக இருக்கும். தொடர் ஜூன் நடுப்பகுதியோடு ஒத்துவரும் ஆண்டுகளில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துத் தேடிப் பாருங்கள்.

சீனாவின் தியான்கொங் நிலையமும் இங்கே தெரியும். அதன் சாய்வு 41.5 பாகை, ஆகவே லண்டன்காரருக்கு அது எப்போதும் தெற்கே தாழ்வாகவே தெரியும், எங்களுக்குத் தலைக்கு மேலாலும் போகும். இந்த ஒன்றிலாவது நாங்கள் முன்னுக்கு. வெளிச்சம் சற்றுக் குறைவு, பாதை இன்னும் கிழக்கு மேற்காகச் சாய்ந்திருக்கும்.

தொலைநோக்கி இல்லாமல் பைனாகுலர் மட்டும் இருப்பவர்கள் 10×50 கண்ணாடியால் பார்த்தால் அது ஒரு புள்ளி இல்லை என்பது மட்டும் புரியும். முழு நீளம் 109 மீற்றர், மிகக் கிட்ட வரும்போது அது வியாழன் கிரகத்தின் தோற்ற அளவுக்கு வரும். 2023 நவம்பர் 1 அன்று வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது இரண்டு விண்வெளி வீராங்கனைகளின் கையிலிருந்து ஒரு கருவிப் பை நழுவிப்போனது. அது நிலையத்துக்கு முன்னால் தனியே சுற்றத் தொடங்க, உலகம் முழுக்கப் பலர் நிலையத்தை விட்டுவிட்டுப் பையைத் தேடிப் பைனாகுலர் தூக்கினார்கள். ஒளித்தரம் 6 அளவில் இருந்ததால் பலருக்குக் கிடைத்தும் விட்டது. ஆணி, சாவி தொலைத்தால் வீட்டில் ஏச்சு வாங்குகிறவர்களுக்கு இது ஆறுதல்.

கேட்பது

மழையும் முகிலும் றேடியோவுக்குப் பொருட்டில்லை, பகல் இரவும் பொருட்டில்லை. நிலையத்திலிருந்து அமெச்சூர் றேடியோ (பொழுதுபோக்காளர்களின் றேடியோ) வருகிற முக்கிய அலைவரிசைகள் மூன்று. 145.800 மெகாஹேர்ட்ஸில் பாடசாலை மாணவர்களுடன் வீரர்கள் பேசுவதும், சில வேளைகளில் எஸ்.எஸ்.ரி.வி. எனப்படும் மெதுவான படங்களும் வரும். 145.825 இல் பக்கெற் தரவு (துண்டு துண்டாக அனுப்பும் எழுத்துச் செய்தி), கீர் கீர் என்று ஒரு செக்கன் சத்தம். 437.800 இல் குரல் மறுஒலிபரப்பி: பூமியிலிருந்து 145.990 இல் 67 ஹேர்ட்ஸ் தொனியோடு பேசினால் அது திருப்பி அனுப்பும். பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமமும் 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் வேண்டும். மலிவு விலைச் சீனக் கைக்கருவிகளை உரிமம் இல்லாமல் வாங்கி வைத்திருப்பதே சிக்கல். ஆகவே கேட்க மட்டும் விரும்புகிறவர்கள் யூ.எஸ்.பி.யில் செருகுகிற ஆர்.ரி.எல். எஸ்.டி.ஆர். என்ற சின்ன றேடியோ வாங்கியை வாங்கி, போனிலோ மடிக்கணினியிலோ செருகிக்கொள்ளுங்கள். அது சமிக்ஞையை வாங்கும், அனுப்பாது.

அதோடு வரும் சின்னத் தந்திக் கம்பி அன்ரனா உதவாது. வீட்டிலேயே மூன்று உறுப்பு யாகி அன்ரனா (நீட்டிய திசையிலிருந்து நன்றாக வாங்குவது) செய்யலாம், செலவு சொற்பம். தேவையானது 25 மில்லிமீற்றர் அகலமான 5 மீற்றர் இரும்பு அளவுநாடா ஒன்று (தையற்காரரின் துணி நாடா இல்லை), அரை அங்குல பிவிசி பைப் ஒரு மீற்றர், குறுக்கு இணைப்பு இரண்டு, ரி இணைப்பு ஒன்று, ஹோஸ் கிளிப் ஆறு, ஆர்.ஜி.58 கோக்ஸ் வயர் நாலு மீற்றர்.

நாடாவை நாலு துண்டாக வெட்டுங்கள். பின்னால் நிற்கும் தெறிப்பி 105 சென்ரிமீற்றர் ஒரே துண்டு. நடுவில் வயர் பிடிக்கிற உறுப்பு 45 சென்ரிமீற்றர் துண்டுகள் இரண்டு, இரண்டுக்கும் இடையில் 2.5 சென்ரிமீற்றர் இடைவெளி. முன்னால் நிற்கும் வழிகாட்டி 89 சென்ரிமீற்றர் ஒரே துண்டு. தெறிப்பிக்கும் நடு உறுப்புக்கும் இடையில் 20 சென்ரிமீற்றர், நடு உறுப்புக்கும் வழிகாட்டிக்கும் இடையில் 32. மொத்தம் 284 சென்ரிமீற்றர் நாடாதான் போகும், மிச்சத்தில் பிழைவிட இடம் இருக்கிறது. கோக்ஸின் நடுக் கம்பி ஒரு 45 துண்டுக்கு, சுற்றுவலை மற்றத் துண்டுக்கு. இரண்டு துண்டுக்கும் குறுக்கே 12.5 சென்ரிமீற்றர் தனிக்கம்பியை 2 சென்ரிமீற்றர் அகலமான யு வடிவில் வளைத்து ஒட்டவேண்டும். இந்த யு இல்லாமலும் ஏதோ கேட்கும், ஆனால் வயரின் தடைக்கு அன்ரனா பொருந்தாமல் சமிக்ஞையில் ஒரு பங்கு வீணாகும்.

பிழைக்கிற இடங்கள் மூன்று. நாடாவின் மஞ்சள் பூச்சைச் சுரண்டாமல் சொல்டர் பண்ணினால் ஈயம் உருண்டு விழும். வெள்ளை உலோகம் தெரியும் வரை இரண்டு சென்ரிமீற்றர் சுரண்டி, முதலில் அந்த இடத்துக்கு மட்டும் ஈயம் பூசி, பிறகு வயரை வைத்துச் சூடாக்குங்கள். சொல்டரிங் கோலை அதிக நேரம் வைத்தால் பிவிசி உருகும், அதனால் ஒட்டி முடித்த பிறகே பைப்பில் பூட்டுங்கள். வெட்டிய நுனி சவர அலகு மாதிரி இருக்கும், மூலையை உருட்டி இன்சுலேஷன் ரேப் சுற்றாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டாம். கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்றில் அந்தச் சொல்டர் இடம் ஒரு மாரிக்குள் பச்சையாகிவிடும். சிலிக்கோன் பூசி மூடிவிடுங்கள்.

கடப்பு தொடங்கும்போது மென்பொருளில் குறுகிய எஃப்.எம்., அகலம் 15 கிலோஹேர்ட்ஸ் என்று வையுங்கள். சாதாரண வானொலிக்குரிய அகல எஃப்.எம். போட்டால் இரைச்சலுக்குள் குரல் புதைந்துவிடும். ஸ்குவெல்ச்சை (பலவீனமான சத்தத்தை அடைத்துவிடும் அமைப்பு) திறந்து விடுங்கள். நிலையம் செக்கனுக்கு 7.66 கிலோமீற்றர் வேகத்தில் வருவதால் 145.800 என்பது தொடக்கத்தில் 3.4 கிலோஹேர்ட்ஸ் கூடியும் முடிவில் அதேயளவு குறைந்தும் கேட்கும். அந்த அகலத்துக்குள் இது அடங்கும், சிறிது நகர்த்தினால் இன்னும் தெளிவு. 437.800 இல் இதே விளைவு 10 கிலோஹேர்ட்ஸ், அங்கே நகர்த்தியே ஆகவேண்டும்: 437.810 இல் தொடங்கி, 805, 800, 795 என்று இறங்கி 790 இல் முடியுங்கள். அன்ரனாவை அப் காட்டுகிற திசைக்குப் பிடித்து, சத்தம் தேயும்போது கைப்பிடியை 90 பாகை முறுக்கிப் பாருங்கள். அலையின் சாய்வு மாறிக்கொண்டே இருப்பதால் பாதித் தடவை இந்த முறுக்கலிலேயே சரியாகிவிடும். வீட்டுக் கூரையில் சூரிய மின்கல இன்வேட்டர் இருந்தால் பகலில் அதன் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கும். மலிவு எல்இடி பல்புகளும் அப்படியே. முற்றத்து மூலைக்குப் போய்விடுங்கள்.

எஸ்.எஸ்.ரி.வி. எப்போதும் வராது, முன்கூட்டி அறிவித்து ஒரு சில நாட்கள் நடத்துவார்கள், முதல் விண்வெளி வீரர் ககாரினின் நாளான ஏப்ரல் 12ஐ ஒட்டிப் பல தடவை நடந்திருக்கிறது. முறை பெரும்பாலும் பி.டி.120. ஒரு படத்துக்கு இரண்டு நிமிடமும் சொச்சமும், பிறகு இரண்டு நிமிட ஓய்வு. அடிவானத்திலிருந்து அடிவானம் வரை நல்ல கடப்பு ஒன்று 10 நிமிடம் என்பதால் இரண்டு முழுப்படம் கிடைத்தால் திருப்திப்படுங்கள். போனில் ரோபோட் 36 அப்பைத் திறந்து ஒலிபெருக்கிக்குக் கிட்டப் பிடித்தாலே படம் விழும். ஆனால் பக்கத்து வீட்டு நாயும் கோவில் மணியும் கோடுகோடாகப் படத்துக்குள் வரும். ஒலியைக் கணினியில் பதிவுசெய்துவைத்துப் பிறகு எம்.எம்.எஸ்.எஸ்.ரி.வி. மென்பொருளில் ஓட்டுவது மேல். படம் ஒருபக்கம் சரிந்து விழுந்தால் பிழை வானத்தில் இல்லை, ஒலிஅட்டையின் கடிகாரத்தில். மென்பொருளிலேயே சரிவைத் திருத்தலாம்.

குரல் கேட்கிறவர்கள் ஒன்றை எதிர்பார்க்கவேண்டும்: மேலிருந்து வரும் பதில்தான் கேட்கும், கேள்வி கேட்காது. நிலையம் எங்களிடமிருந்து 2,200 கிலோமீற்றருக்குள் இருக்கும்போது மட்டுமே பிடிபடும் என்பதால் ஐரோப்பியப் பாடசாலைகளின் உரையாடல் இங்கே வராது, இந்தியாவுடையது வரும். 2025 ஜூன் 26 அன்று நிலையத்துக்குப் போன முதல் இந்தியரான சுபான்ஷு சுக்லா, ஜூலையில் அமெச்சூர் றேடியோவில் இந்திய மாணவர்களுடன் பேசினார். அப்படியான அறிவிப்பு வரும்போது நாள், நேரம் பார்த்து வையுங்கள்.

இதே 145.990 இல்தான் 2006 பெப்ரவரி 3 அன்று ஒரு விநோதம் ஓடியது. பழுதான ரஷ்ய விண்வெளி உடை ஒன்றுக்குள் றேடியோவும் பற்றரியும் வைத்து, ஆள் இல்லாமல் வெளியே தள்ளிவிட்டார்கள். கைகால் விரித்தபடி அது சுற்றிச் சுற்றி வாழ்த்துச் செய்தி சொல்லவேண்டும் என்பது திட்டம். சமிக்ஞை மிகப் பலவீனமாகிவிட்டதால் பெரிய அன்ரனாக்காரருக்குத்தான் ஏதோ கேட்டது. இலங்கையின் முதல் செயற்கைக்கோளான ராவணா-1 உம் இந்த நிலையத்திலிருந்துதான் வெளியே போனது. 10 சென்ரிமீற்றர் கனசதுரம், ஒரு கிலோவும் சொச்சமும். 2019 ஏப்ரல் 17 நிலையத்துக்கு ஏற்றப்பட்டு, ஜூன் 17 ஜப்பானின் கிபோ கூடத்திலிருந்து விடப்பட்டது.

படம்

கோட்டுப்படம் எடுக்க முக்காலியும் நீண்ட நேரம் திறக்கக்கூடிய கமராவும் போதும். 14 தொடக்கம் 24 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 2.8 அல்லது 4, ஐஎஸ்ஓ 400, ஒவ்வொன்றும் 15 செக்கன், இடையில் ஒரு செக்கன். உச்சியில் அது செக்கனுக்கு ஒரு பாகை ஓடும், 15 செக்கனில் ஒன்றரை முட்டித் தூரம். ஒரே படமாக நாலு நிமிடம் திறந்து வைத்தால் யாழ்ப்பாண நகர வெளிச்சத்தில் வானம் சோற்றுக்கஞ்சி நிறமாகிவிடும். துண்டு துண்டாக எடுத்து ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் அடுக்குங்கள். தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, ஒரு நட்சத்திரத்தில் கையால் குவித்துவிட்டுத் தொடாதீர்கள். நடுக்கச் சீராக்கியையும் நிறுத்துங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், லென்ஸையும் விடாது. விடியற்காலையில் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கண்ணாடியை ரோச் அடித்துப் பார்க்கவும். துடைப்பதைவிட, முன்கூட்டியே லென்ஸைச் சுற்றி ஒரு காலுறை போட்டுவைப்பது நல்லது.

சூரியனையோ சந்திரனையோ அது குறுக்கறுக்கிற படம்தான் மிகக் கடினம். அரைப் பாகை அகலமான வட்டைக் கடக்க, மேலே இருக்கும்போது அரைச் செக்கன் போதும். அதைக் காணக்கூடிய நிலப்பட்டி ஏறத்தாழ 4 கிலோமீற்றர் அகலம். ட்ரான்சிட் ஃபைண்டர் தளத்தில் இடத்தைக் கொடுத்து 30 கிலோமீற்றர் சுற்றளவில் தேடுங்கள். குடாநாட்டில் நிற்பதால் மையக்கோடு பாதி வேளை கடல்நீரேரிக்குள் விழும். வீதிக்கு வருகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு சலுகை உண்டு. ஏப்ரல் 15ஐ ஒட்டியும், ஓகஸ்ட் 27, 28ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே நிற்கும். அந்த நாட்களின் மத்தியானத்தில் கடப்பு விழுந்தால் நிலையம் மிகக் கிட்டே, மிகப் பெரிதாகத் தெரியும்: சூரியவட்டின் 1,900 விகலையில் (ஒரு பாகைக்கு 3,600 விகலை) 50 விகலைக்கு மேல். சிரமமும் அதே இடத்தில்தான். சாதாரண முக்காலித் தலை 90 பாகைக்கு மேல்நோக்கித் திரும்பாது, லென்ஸ் முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியின் ஒரு காலைக் குறுக்கிச் சாய்த்துவைத்து, எதிர்ப்பக்கம் மணல் பை கட்டவேண்டும்.

வடிகட்டி லென்ஸுக்கு முன்னால்தான் வரவேண்டும், கண் வைக்கிற பக்கத்தில் இல்லை. 2019 டிசம்பர் கங்கண கிரகணத்துக்கு வாங்கிய கடதாசிக் கண்ணாடி இன்னும் அலுமாரிக்குள் கிடக்கும். அது வெறுங்கண்ணுக்கு, லென்ஸுக்கோ பைனாகுலருக்கோ அல்ல. எக்ஸ்ரே படம், சீடி, புகை பிடித்த கண்ணாடி எதுவும் வேண்டாம். சூரியனுக்கென்றே விற்கிற வடிகட்டித் தாளை அட்டை வளையத்தில் ஒட்டி, காற்றுக்குக் கழராதபடி ரேப் சுற்றுங்கள்.

மூடியின் (ஷட்டர்) வேகம் ஒரு செக்கனில் 2000 இல் ஒரு பங்கு, அதற்கு மெதுவாகப் போனால் சூரிய மின்தகடுகள் கரைந்து கறுப்புப் பூச்சியாகும். பொத்தானை அந்தக் கணத்தில் அழுத்தலாம் என்று நம்பவேண்டாம். கணித்த நேரத்துக்கு 30 செக்கன் முந்தியே செக்கனுக்கு 60 சட்டம் (ஃபிரேம்) வீதம் வீடியோவை ஓடவிட்டு, பிந்தி 30 செக்கன் கழித்து நிறுத்துங்கள். 3,600 சட்டத்தில் நிலையம் இருப்பது 30 அளவில். முதலில் சூரியப்புள்ளி ஒன்றில் குவியம் பிடியுங்கள், புள்ளி இல்லாவிட்டால் வட்டின் விளிம்பில். பிறகு வெயிலில் குழாய் சூடாகிக் குவியம் விலகும், ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் திரும்பப் பாருங்கள். வீடியோவில் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லையென்றால் உடனே அழிக்காதீர்கள், சட்டம் சட்டமாக நகர்த்துங்கள். பருந்தும் காகமும் நிறைய வரும், அவை சிறகடிக்கும். நேர்கோட்டில், ஒரே வேகத்தில், எச் எழுத்தைப் படுக்கவைத்த வடிவில் போவதுதான் தேடுகிற ஆள்.